பாவம் என்று எழுதிய வாசகிக்கு

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் வசிக்கிறேன். ‘சந்திரலேகா’வை யூடியூபில் பார்த்த நாளிலிருந்து டி.ஆர்.ராஜகுமாரியைப் பற்றித் தேடித் தேடிப் படித்து வருகிறேன். தமிழ் சினிமாவின் முதல் கனவுக்கன்னி அவர்தானா? அவ்வளவு பெரிய கதாநாயகி ‘மனோகரா’வில் வில்லியாக நடிக்க நேர்ந்தது ஏன்? கடைசிவரை திருமணம் செய்துகொள்ளாமல், சினிமாவிலிருந்து விலகி, 1999-ல் மறைந்தார் என்று படித்தபோது பாவமாக இருந்தது. அவரைப் பற்றி நீங்கள் விரிவாக எழுத வேண்டும்.

தங்கள் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்புதான் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தோம். அதிலிருந்து இறங்கிய ஒரு பித்தளைக் குண்டான் என்னை ராஜகுமாரியின் நினைவிலேயே வைத்திருந்தது. இல்லையென்றால் உங்களுக்கு இவ்வளவு விரைவாகப் பதில் வந்திருக்காது. குண்டானைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

யார் முதல் கனவுக்கன்னி என்ற கேள்வியைப் பட்டியல் போடுகிறவர்களிடம் விட்டுவிடுங்கள். அந்தச் சொல்லை அவர்மீது ஒட்டியதால் நாம் அடைந்த நஷ்டம் ஒன்று உண்டு, அதை மட்டும் சொல்கிறேன். அவர் தஞ்சாவூரில் இசையைத் தொழிலாகக் கொண்ட குடும்பத்தில் 1922-ல் பிறந்தவர். பாட்டி குஜலாம்பாள் பாடகி. 1941-ல் இயக்குநர் கே.சுப்பிரமணியம் ‘கச்ச தேவயானி’யில் அவரைக் கதாநாயகி ஆக்கியபோது, பாடத் தெரியாத பெண்ணுக்குக் கதாநாயகி வேடமே கிடைக்காத காலம் அது. பி.யு.சின்னப்பாவோடு ‘மனோன்மணி’யிலும் டி.ஆர்.மகாலிங்கத்தோடு ‘இதய கீத’த்திலும் சொந்தக் குரலில் பாடினார். பின்னணிக் குரல் வந்து நிலைத்த பிறகு வந்த தலைமுறை அவருடைய கண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது.

‘மனோகரா’வைப் பற்றி உங்கள் கேள்வியிலேயே ஒரு தவறு இருக்கிறது. “நடிக்க நேர்ந்தது” என்று எழுதுகிறீர்கள், ஏதோ விபத்து நேர்ந்ததைப் போல. 1954-ல் அவருக்கு வயது 32. அதற்கு முந்தைய ஆண்டே தம்பி டி.ஆர்.ராமண்ணாவுடன் சேர்ந்து ஆர்.ஆர்.பிக்சர்ஸ் மூலமாகச் சொந்தப் படம் எடுக்கத் தொடங்கிவிட்டார்; எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படமான ‘கூண்டுக்கிளி’ அதே 1954-ல் அவர்களுடைய நிறுவனத்திலிருந்து வந்ததுதான். கண்ணாம்பா “பொறுத்தது போதும், பொங்கி எழு” என்று முழங்கியதை எல்லோரும் சொல்வார்கள். எதிரே ராஜகுமாரியின் வசந்தசேனை அவ்வளவு அலட்சியமாக நின்றிராவிட்டால் அந்த முழக்கம் யார்மீது போய் விழுந்திருக்கும்?

இனி அந்தப் ‘பாவ’த்துக்கு வருகிறேன். உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ளத்தான் போகிறேன், மகளே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய நடிகை என்றால் கடைசியில் அவள் அழுதாக வேண்டும் என்று நமக்கு ஒரு கணக்கு இருக்கிறது. சொத்தை இழந்திருக்க வேண்டும், யாரோ ஏமாற்றியிருக்க வேண்டும், ஒன்றுமே அகப்படாவிட்டால் கல்யாணம் ஆகாததையாவது எடுத்துக்கொண்டு உச்சுக்கொட்ட வேண்டும். நீங்கள் தேடித் தேடிப் படித்ததெல்லாம் அப்படிப்பட்ட கட்டுரைகளாகத்தான் இருந்திருக்கும். அவற்றை எழுதியவர்கள், எம்.கே.தியாகராஜ பாகவதரோடு ராஜகுமாரி நடித்த ‘ஹரிதாஸ்’ படத்தை மட்டுமாவது ஒழுங்காகப் பார்த்திருக்கலாம்.

உங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய பிராட்வே சாலையில் இருந்தது பிராட்வே கொட்டகை. 1944 தீபாவளிக்கு அங்கே வெளியான ‘ஹரிதாஸ்’ 1946 தீபாவளியையும் கண்டது. என் அத்தைக்கு அப்போது பதினான்கு வயது. முதல் தீபாவளிக்குப் பாவாடை தாவணியில் போய்ப் பார்த்தவர், மூன்றாவது தீபாவளிக்குத் தன் தலைதீபாவளிப் புடவையோடு மாமாவை இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். படம் வெளிவந்த சில வாரங்களில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு வந்துவிட்டது. டிசம்பரில் பாகவதர் கைதானார். 1945-ல் உயர்நீதிமன்றத்தில் விசாரணை நடந்து தண்டனையும் விதிக்கப்பட்டது. அந்த நீதிமன்றத்தின் எதிரேதான் பிராட்வே சாலை தொடங்குகிறது. ஒரு பக்கம் அவர் குற்றவாளிக் கூண்டில் நிற்க, கூப்பிடு தூரத்தில் வெண்திரையில் “ரம்பா!” என்று அவர் அழைப்பதும், ராஜகுமாரி “ஸ்வாமி!” என்று கொஞ்சலாகக் குழைவதும், கொட்டகை ஆர்ப்பரிப்பதும் நாள் தவறாமல் நடந்துகொண்டிருந்தன. அந்த “ஸ்வாமி”யை அத்தை தன் அறுபது வயதிலும் அச்சு அசலாகச் சொல்லிக் காட்டுவார், இட்லித் துணியைப் பிழிந்துகொண்டே.

அந்தப் படத்தில் நடித்தவர்களுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று பாருங்கள். மனைவியாக நடித்த என்.சி.வசந்தகோகிலம், எவ்வளவு பெரிய பாடகி, 1951-ல் முப்பதுகளின் தொடக்கத்திலேயே போய்விட்டார். விடுதலையாகி வந்த பாகவதருக்குப் பழைய புகழ் திரும்பவே இல்லை, 1959-ல் இறந்தார். ராஜகுமாரியோடு ஜோடி சேர்ந்த இன்னொரு பெரும் பாடகரான சின்னப்பா 1951-ல் காலமானபோது அவருக்கு வயது 35. சோகம் வேண்டுமென்றால் இங்கே எவ்வளவோ இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். ராஜகுமாரியோ பாகவதர், சின்னப்பா, மகாலிங்கம் ஆகியோரின் காலம் முடிந்த பிறகும் எம்.ஜி.ஆரின் ‘குலேபகாவலி’யில் சொக்கட்டான் ஆடி ஆண்களைத் தோற்கடிக்கும் லக்பேஷாவாக வந்தார், 1963-ல் ‘வானம்பாடி’யோடு நடிப்பை நிறுத்திக்கொண்டார், அதன் பிறகு 36 ஆண்டுகள் வாழ்ந்தார். ஒதுங்கி இருந்தார் என்பது உண்மைதான். வேலை முடிந்ததும் கதவைச் சாத்திக்கொள்கிற ஆணை நாம் பாவம் என்று சொல்வதில்லையே? அவர் ஓய்வு பெற்றார் என்று எழுதுகிறோம்.

திருமணத்தைப் பற்றி எனக்கு ஒன்று மட்டும் தோன்றுகிறது. டி.ஆர். என்ற முன்னெழுத்துகளில் டி என்பது தஞ்சாவூர், ஆர் என்பது ரங்கநாயகி, அவருடைய தாய். இயற்பெயர் ராஜாயி. பெண் பாடி ஈட்டியதில் வீடு நடந்த, பெண்ணின் பெயரே முன்னால் நின்ற ஒரு மரபிலிருந்து வந்தவரைப் பார்த்து, பின்னால் ஒரு கணவர் பெயர் இல்லையே என்று நீங்களும் நானும் வருந்துவது நம்முடைய பழக்கதோஷம்.

என் அத்தை வருந்தவில்லை. மாமா துறைமுகத்தில் கூலியாக இருந்தவர். அவர் இறந்த பிறகு தண்டையார்பேட்டையில் வீட்டுத் திண்ணையிலேயே இட்லி சுட்டு விற்று இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றியவர் அத்தை. எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு நாள் மத்தியானம், அடுப்பை அணைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு பாரிமுனைக்கு வந்து தியாகராய நகருக்குப் பஸ் ஏறினார். பாண்டி பஜாரில் இறங்கி ராஜகுமாரி தியேட்டரின் எதிரே நின்றோம். என்ன படம் ஓடியது என்று எனக்கு நினைவில்லை, ஏனென்றால் நாங்கள் உள்ளே போகவே இல்லை. அத்தை பெயர்ப் பலகையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார், தான் குடிக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், “பெரிய நடிகை, என்ன பிரயோசனம், ஒண்டிக்கட்டையாப் போச்சே, பாவம்” என்று சொல்லிவைக்க, அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தார். “தன் பேர்ல கொட்டாய் கட்டி வெச்சிருக்குது, அது பாவமா? வாடகை வூட்ல குந்திக்கினு இருக்கிற நாமதான்யா பாவம்” என்றார். (அந்தக் கொட்டகை இப்போது இல்லை, கடைகள் வந்துவிட்டன.)

எங்கள் பக்கத்து வீடுகளில் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டிக்கொண்டு வருவது வழக்கம். சின்ன உளியும் சுத்தியலுமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. மாமா இறந்து பல வருடம் ஆன பிறகும் அத்தை வாங்கிய சொம்பு, தட்டு, அன்னக்கூடை எல்லாவற்றிலும் மாமாவின் பெயர்தான் முன்னெழுத்தோடு இருந்தது. பாண்டி பஜாருக்குப் போய்வந்த அடுத்த மாதம், மாவு கரைக்க ஒரு பெரிய குண்டான் வாங்கத் தங்கசாலைத் தெருவுக்குப் போனோம். பெயர் வெட்டுகிறவர் வழக்கம்போல, “வூட்டுக்காரர் பேரு சொல்லும்மா” என்றார். அத்தை தன் பெயரைச் சொன்னார். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, முன்னெழுத்து என்ன என்று கேட்டார். “எழுத்தெல்லாம் வேணாம், பேரை மட்டும் வெட்டு” என்றார் அத்தை.

பரணிலிருந்து இறங்கியது அந்தக் குண்டான்தான். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக அத்தையின் பெயர் இன்னும் தெளிவாக இருக்கிறது. வெட்டியவர் அவசரத்தில் ஒரு எழுத்தை விட்டுவிட்டார். அத்தைக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அந்த ஓர் எழுத்துக்கான கூலியைப் பிடித்துக்கொண்டுதான் அத்தை மீதியைக் கொடுத்தார்.