ஒரே ‘கானா’, இரண்டு பொருள்

கேள்வி: அக்கா, இந்தி வாய்மொழித் தேர்வுக்குப் படிக்கிறேன். சொற்கள் மனத்தில் நிற்பதில்லை. உச்சரிப்பும் தடுமாறுகிறது. என்ன செய்வது?
– வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: தங்கச்சி, இந்தியைத் தமிழெழுத்தில் எழுதி மனப்பாடம் செய்வதை இன்றே நிறுத்துங்கள். ‘கானா’ என்று எழுதினால் சாப்பாடா, பாட்டா? நமக்கு ஒரே ‘க’, ஒரே ‘த’. இந்தி எழுத்தான தேவநாகரியில் ஒவ்வொன்றும் நான்கு. பயம் வேண்டாம், பாதி வேலையை மலாய் முடித்துவிட்டது. தமிழில் ‘துவா’ என்றே எழுதினாலும், மலாயில் இரண்டையும் (dua) முதுமையையும் (tua) நீங்கள் குழப்புவதில்லையே! அதே நாக்குதான்.

மீதி, மூச்சு. தோட்டத்து வரிசை வீடான லயத்தின் அஞ்சடியில் (முன் நடையில்) மண்ணெண்ணெய் விளக்கின் முன் நின்று நான் பழகினேன். சாப்பாட்டு ‘கானா’வுக்குச் சுடர் ஆட வேண்டும், பாட்டுக்கு ஆடக்கூடாது. உங்களுக்கு மெல்லிய காகிதம் போதும்.

சொற்களுக்கும் மலாயிலிருந்தே தொடங்குங்கள். கெருசி (நாற்காலி) இந்தியில் குர்சி, பஹாசா (மொழி) பாஷா, வக்து (நேரம்) வக்த். துனியா (உலகம்), கபர் (செய்தி) அப்படியே இருக்கின்றன. ஆனால் பால் வேறுபாடு மலாயில் கிடையாது. இந்தியில் நாற்காலி, உலகம், செய்தி, மொழி எல்லாம் பெண்பால். வக்த் மட்டும் ஆண்பால். நோட்டில் சொல்லோடு பாலையும் சேர்த்தே எழுதுங்கள், நான் அதில்தான் மதிப்பெண் இழந்தேன்.