‘வி ஃபிஷர்மென்’ எங்கே, ‘அஸ் ஃபிஷர்மென்’ எங்கே?

கேள்வி: மீன்வளத்துறைக்கு ஆங்கிலத்தில் மனு எழுதுகிறோம். சங்கத்தில் ஒருவர் ‘வி ஃபிஷர்மென்’ என்கிறார், இன்னொருவர் அதை ‘அஸ் ஃபிஷர்மென்’ என்று திருத்துகிறார். எது சரி?
– விசைப்படகு உரிமையாளர், பாம்பன்

பதில்: இரண்டும் சரிதான், வரும் இடம் வேறு. ‘ஃபிஷர்மென்’ என்பதை விரலால் மறைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். ‘அஸ் நீட் டோக்கன்ஸ்’ (டோக்கன் என்பது கடலுக்குப் போக மீன்வளத்துறை தரும் அனுமதிச் சீட்டு) என்று யாரும் எழுதமாட்டார்கள். அதனால் ‘வி ஃபிஷர்மென் நீட் டோக்கன்ஸ்’. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றி எழுதும்போது ‘த பேன் அஃபெக்ட்ஸ் வி’ என்று வராது; ‘த பேன் அஃபெக்ட்ஸ் அஸ் ஃபிஷர்மென்’ என்றே வரும். தமிழிலும் இப்படித்தான்: ‘மீனவர்களாகிய நாங்கள்’, ‘மீனவர்களாகிய எங்களை’. ‘டு’, ‘ஃபார்’, ‘ஃப்ரம்’ ஆகியவற்றுக்கு அடுத்து வந்தால் யோசிக்கவே வேண்டாம், ‘அஸ்’ போடுங்கள்.

மனுக்களில் அதிகம் தட்டுப்படும் பிழை வேறொன்று: ‘வி ஆர் த ஃபிஷர்மென் ஆஃப் பாம்பன் ரிக்வெஸ்ட் யூ’. ‘ஆர்’ ஒரு வினை, ‘ரிக்வெஸ்ட்’ இன்னொரு வினை; ஒரே வாக்கியத்தில் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. ‘ஆர்’ என்பதை அடித்துவிட்டு ‘வி, த ஃபிஷர்மென் ஆஃப் பாம்பன், ரிக்வெஸ்ட் யூ’ என்று எழுதுங்கள். நம் அரசியலமைப்பின் முகப்புரை தொடங்குவதும் ‘வி, த பீப்பிள் ஆஃப் இந்தியா,’ என்றுதான். நடுவில் ‘த’ வந்தால் முன்னும் பின்னும் காற்புள்ளி வேண்டும். பலர் பின்னால் வருவதை மட்டும் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ‘த’ இல்லாத ‘வி ஃபிஷர்மென்’ என்பதற்குக் காற்புள்ளியே கூடாது.

வெறும் ‘வி’ போதாதா என்று கேட்கலாம். ஆங்கிலத்தில் நாம், நாங்கள் இரண்டுக்கும் அது ஒன்றே சொல். ‘வி வில் ரிப்பேர் த ஜெட்டி’ (படகுத்துறையைப் பழுதுபார்ப்போம்) என்று அதிகாரிக்கு எழுதினால், துறையும் சேர்ந்து செய்யும் என்றும் படிக்க இடமுண்டு. ‘வி ஃபிஷர்மென்’ என்றால் அந்தக் குழப்பம் இல்லை. மனுவில் இது சின்ன விஷயமல்ல, செலவு யார் தலையில் விழும் என்பதே இதில் இருக்கிறது.

கேள்வி: கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி எழுதும்போது ‘தே விமின்’ என்று வருமா?
– கல்லூரி மாணவி, மண்டபம்

பதில்: வராது. இப்படிப் பெயர்ச்சொல்லை ஒட்டவைத்துக்கொள்பவை ‘வி’, ‘அஸ்’, ‘யூ’ ஆகியவை. படர்க்கைக்கு ‘தோஸ் விமின்’ என்று எழுதுங்கள். அவர்களே பேசுவதாக இருந்தால் ‘வி விமின்’. ‘வுமன்’ என்று ஒருமையில் எழுதிவிடாதீர்கள், ஆங்கில எழுத்தில் ஓரெழுத்துதான் வித்தியாசம். ஒருவர் மட்டும் தன்னைச் சொல்லும்போது ‘ஐ ஃபிஷர்மன்’ என்பதும் தவறு; ‘ஆஸ் எ ஃபிஷர்மன், ஐ’ என்று தொடங்க வேண்டும்.

கேள்வி: துபாய் கம்பெனிக்கு அனுப்பும் மெயிலில் ‘ப்ளீஸ் இன்ஃபார்ம் மை பிரதர் அண்ட் ஐ’ என்று எழுதலாமா? ‘ஐ’ போட்டால் மரியாதை என்கிறார்கள்.
– வாசகர், கீழக்கரை

பதில்: மரியாதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தம்பியை எடுத்துவிட்டுப் பாருங்கள்: ‘இன்ஃபார்ம் ஐ’ என்று நிற்காது. ‘மை பிரதர் அண்ட் மி’ என்றே எழுதுங்கள்.