லண்டனில் இருக்கிறேன். வீட்டில் வேப் (இ-சிகரெட்) லிக்விட் கலக்கும் பிளாஸ்டிக் பாட்டில்களை எப்படிச் சுத்தம் செய்வது? கொதிக்க வைத்தால் போதுமா?

கொதிக்க வைக்காதீர்கள். கண்ணாடி என்றால் சரி, நீங்கள் பிளாஸ்டிக் பாட்டில் என்று எழுதியிருக்கிறீர்கள். குழந்தையின் பால் பாட்டிலுக்குப் போடும் ஸ்டெரிலைசிங் மாத்திரை போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதுவும் வேண்டாம். லண்டன் என்று சொல்வதால், சிகரெட்டை விடுவதற்காக வேப்புக்கு வந்தவர், கடை விலை கட்டுப்படியாகாமல் வீட்டிலேயே கலக்கிறவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

யாராவது சண்டைக்கு வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். புகைக்காதவர்கள் இதைத் தொடவே கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இங்கே விற்பதே குற்றம். இந்தியாவில் 2019-இல் சட்டம் போட்டு இ-சிகரெட்டைத் தடை செய்துவிட்டார்கள், அதனால் ஊருக்குப் போகும்போது பெட்டியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். வேப் ஆபத்தே இல்லாதது என்று நான் சொல்லவில்லை. சிகரெட்டைவிடக் கேடு குறைவு, ஆனால் கேடே இல்லை என்று சொல்ல முடியாது என்றுதான் இங்குள்ள அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்ஸும் சொல்கிறது. என் கணவர் கல்லூரி நாளிலிருந்து சிகரெட் பிடித்தவர். நிகோட்டின் சூயிங்கம், பேட்ச் எல்லாம் பார்த்தும் விடமுடியாதவர், வேப்புக்கு வந்த பிறகுதான் விட்டார். எங்கள் வீட்டில் அதற்கு மேல் விவாதம் கிடையாது.

அவர் வீட்டில் கலக்க ஆரம்பித்ததற்குக் காரணம் இங்குள்ள விதி. 2017-இலிருந்து நிகோட்டின் கலந்த லிக்விடை 10 மில்லிக்கு மேல் ஒரே பாட்டிலில் விற்கக் கூடாது, மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோட்டினும் இருக்கக் கூடாது. அதனால் கடைக்காரர்கள் நிகோட்டின் இல்லாத 50 மில்லியை 60 மில்லி பாட்டிலில் ஊற்றி ஷார்ட்ஃபில் என்று விற்கிறார்கள். அதில் மில்லிக்கு 18 மில்லிகிராம் நிகோட்டின் உள்ள 10 மில்லி பாட்டில் (நிகோட்டின் ஷாட் என்பார்கள்) ஒன்றை ஊற்றிக் குலுக்கினால் மில்லிக்கு 3 மில்லிகிராம் வரும். அங்கே ஆரம்பித்தவர் அப்புறம் வி.ஜி. (வெஜிடபிள் கிளிசரின்), பி.ஜி. (புரோப்பிலீன் கிளைகால்), ஃப்ளேவர் எல்லாம் தனித்தனியாக வாங்கித் தானே கலக்கத் தொடங்கினார். பழைய பாட்டில்களை வெந்நீரில் அலசிவிட்டுத் திரும்பப் பயன்படுத்தினார்.

ஒருநாள் மாம்பழ ஃப்ளேவர் கலந்தார். இழுத்தால் சோம்பு வாசனை! புது வி.ஜி. வாங்கினார், ஃப்ளேவரை மாற்றினார், லிக்விடைச் சூடாக்கும் காயிலை மாற்றினார், எதற்கும் சோம்பு போகவில்லை. வெறுத்துப்போய், "இதுக்கு சிகரெட்டே தேவலாம்" என்று கோட்டை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குக் கிளம்பினார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. இரண்டு மணி நேரம் கொடுங்கள் என்று சொல்லி உட்கார வைத்துவிட்டு, பாட்டில்களை எல்லாம் நான் எடுத்துக்கொண்டேன்.

நான் சென்னையில் ஒரு மருந்து கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். பாட்டில் கழுவுவது எனக்குச் சின்ன வேலை இல்லை. மூடியைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது: வாயில் அழுத்திச் செருகியிருக்கும் டிராப்பர் முனையை அவர் ஒருமுறைகூடக் கழற்றியதில்லை. அதன் உள்விளிம்பில் பழைய சோம்பு லிக்விட் பிசினாக ஒட்டியிருந்தது. மூடிக்குள் இருக்கும் வட்டத் துண்டிலும் அதே வாசனை.

இதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன், முதலில் பிரியுங்கள். பாட்டில், முனை, மூடி மூன்றையும் தனித்தனியாக. வி.ஜி.யும் பி.ஜி.யும் தண்ணீரில் முழுசாகக் கரைபவை, அவை போய்விடும். போகாமல் நிற்பது ஃப்ளேவர்தான். சோம்பு, புதினா, பட்டை இந்த மூன்றும் பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறிவிடும். ஊறின முனையை என்ன செய்தாலும் வாசனை விடாது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடுங்கள். கண்ணாடி டிராப்பரின் தலையில் இருக்கும் ரப்பர் குமிழும் அப்படித்தான்.

மிச்சமிருக்கும் லிக்விடை டிஷ்யூவில் துடைத்து எடுங்கள். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், வாசனை இல்லாத பாத்திர சோப்பு இரண்டு சொட்டு, ஒல்லியான பிரஷ். அந்த பிரஷ் சமையல் பாத்திரத்துப் பக்கம் போகவே கூடாது. அப்புறம் அலசுவது. இதில்தான் எல்லோரும் பாட்டில் நிறையத் தண்ணீர் பிடித்து ஒரே தடவை கொட்டிவிட்டு முடித்துவிடுகிறார்கள். கணக்குப் பாருங்கள். உள்ளே ஒரு மில்லி ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 27 மில்லி தண்ணீரை மொத்தமாக ஊற்றிக் குலுக்கிக் கொட்டினால், மறுபடி ஒட்டி நிற்கும் ஒரு மில்லியில் பழைய சரக்கு 28-இல் ஒரு பங்கு இருக்கும். அதே 27 மில்லியை ஒன்பது ஒன்பதாக மூன்று தடவை ஊற்றிக் கொட்டினால் 1000-இல் ஒரு பங்குதான் இருக்கும். தண்ணீர் அதேதான். ஆய்வகத்தில் சேர்ந்ததும் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

சுத்தமானதா என்று மூக்கை மட்டும் நம்பாதீர்கள். கண்ணாடியில் தண்ணீர் மெல்லிய படலமாக வழிந்தால் சுத்தம், முத்து முத்தாக நின்றால் எண்ணெய்ப் பசை இன்னும் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் தண்ணீர் எப்படியும் முத்தாகத்தான் நிற்கும், அங்கே இந்தச் சோதனை உதவாது. லண்டன் தண்ணீர் சுண்ணாம்பு நிறைந்த கடினத் தண்ணீர், கெட்டிலின் அடியைப் பார்த்தாலே தெரியும். அதனால் கடைசி அலசலை மட்டும் அயர்ன் பெட்டிக்கு விற்கும் டீஅயனைஸ்டு தண்ணீரில் செய்யுங்கள், வெள்ளைப் புள்ளி விழாது. துணியை உள்ளே விட்டுத் துடைக்காதீர்கள், நூல் தங்கும். கவிழ்த்து வைத்து ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள்.

ஆல்கஹால் பற்றி: கண்ணாடிக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நல்லது, சீக்கிரம் காயும். ஆனால் அது சட்டென்று பற்றும், அடுப்பு எரியும் சமையலறையில் எடுக்கவே கூடாது. வேப்பில் லிக்விட் நிரப்பும் அக்ரிலிக் டேங்கில் பட்டால் விரிசல் விடும். ஸ்டெரிலைசிங் மாத்திரை ஏன் வேண்டாம் என்றால், இந்தக் கலவையில் தண்ணீரே கிடையாது என்று சொல்லலாம், அதில் கிருமி வளர்வது கடினம். நாம் போக்க வேண்டியது பழைய ஃப்ளேவரும் பழைய நிகோட்டினும்தான். மாத்திரை போட்டால் குளோரின் வாசனைதான் மிச்சம்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த ஊருக்கு வந்து எத்தனையோ ஆய்வகங்களுக்கு விண்ணப்பித்தேன். நேர்காணலில் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி முடித்த பிறகு, "இங்கே வேலை பார்த்த அனுபவம் இருக்கிறதா?" என்று கேட்பார்கள். பிப்பெட் சென்னையில் ஒரு மாதிரியும் லண்டனில் ஒரு மாதிரியும் அளக்குமா? சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டுக்கொண்டு இருக்கிறேன். என்னோடு அங்கே நிற்கிறவர்களில் பாதிப் பேர் ஊரில் ஆசிரியர்கள், நர்சுகள். இதை யாரிடம் சொல்வது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கையுறை போடாமல் நிகோட்டினைத் தொடாதீர்கள், நைட்ரைல் கையுறை நல்லது. தோல் வழியாகவே உள்ளே போகும், பட்டால் உடனே தண்ணீரில் கழுவுங்கள். ஒரு 10 மில்லி ஷாட்டில் 180 மில்லிகிராம் நிகோட்டின் இருக்கிறது, சின்னக் குழந்தை அதில் கொஞ்சம் குடித்தாலே உயிருக்கு ஆபத்து. எங்கள் வீட்டில் குழந்தை இருக்கிறது, அதனால் கழுவாத பாட்டில் சிங்க்கில் ஒரு நிமிஷம்கூட நிற்காது. கழுவிய பாட்டிலும் அஞ்சறைப்பெட்டி இருக்கும் அலமாரிக்குப் போகாது, பூட்டுகிற டிராயருக்குத்தான் போகும். மீந்துபோன நிகோட்டினை சிங்க்கில் கொட்டாதீர்கள், உங்கள் கவுன்சிலின் கழிவு மையத்தில் கேளுங்கள்.

அன்றைக்கு என் கணவர் கடைக்குப் போகவில்லை. புது முனை போட்ட பாட்டிலில் மறுநாள் அதே மாம்பழத்தைக் கலந்தார், சோம்பு இல்லை.

உங்கள் பாட்டிலைத் திருப்பி அடியில் பாருங்கள், முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். 1 என்றால் பெட் பிளாஸ்டிக், 70 டிகிரி சூட்டிலேயே இளகிச் சுருங்கிவிடும், டிஷ்வாஷரும் வேண்டாம். 2 என்றால் கொஞ்சம் சூடு தாங்கும். 4 என்றால் அழுத்திப் பிழியும் மெத்தென்ற வகை, அதில்தான் வாசனை அதிகம் ஊறும். அந்த வகையில் ஒரு ஃப்ளேவருக்கு ஒரு பாட்டில் என்று பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.