என்எஃப்எஸ் (NFS, இன்னொரு மெஷினின் ஃபைல்களை நெட்வொர்க் வழியே பயன்படுத்தும் முறை) சர்வர் பதில் தராவிட்டால் கிளையன்ட் மெஷினும் உறைந்துவிடுகிறது. ரீபூட் இல்லாமல் மீட்க முடியுமா? சாஃப்ட் மவுண்ட் (பதில் வராவிட்டால் முயற்சியைக் கைவிட்டுவிடும் வகை இணைப்பு) போட்டால் சரியாகுமா?

ரீபூட் அநேகமாகத் தேவைப்படாது. சாஃப்ட் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், டிஎஃப் (df, டிஸ்க் இடத்தைக் காட்டும் கட்டளை) அடிக்காதீர்கள். எல்லோர் கையும் அங்கேதான் போகும், அது ஒவ்வொரு மவுண்டிடமும் இடம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே போய்ப் பதில் வராத இடத்தில் தானும் மாட்டிக்கொள்ளும். எந்த ப்ராசஸ் மவுண்டைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பார்க்கப்போகும் எல்எஸ்ஓஎஃப் (lsof), ஃபியூசர் (fuser) கட்டளைகளுக்கும் பெரும்பாலும் அதே கதி. ப்ராக் அடியிலுள்ள மவுண்ட்ஸ் ஃபைலைப் (/proc/mounts) படியுங்கள், அது கர்னலே தருவது, சிக்காது. பிஎஸ் (ps, ப்ராசஸ்களைப் பட்டியலிடும் கட்டளை) காட்டுவதில் டி (D) நிலையில் நிற்பவைதான் காத்திருக்கும் ப்ராசஸ்கள். சிபியு சும்மா கிடக்க லோடு ஆவரேஜ் மட்டும் ஏறுவதும் அவற்றால்தான்.

அப்புறம், பிங் வருகிறது என்பதால் சர்வர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம். 2049 போர்ட்டில் டிசிபி இணைப்பு கிடைக்கிறதா பாருங்கள். அதுவும் கிடைக்கிறது, சின்ன டைரக்டரி திறக்கிறது, பெரிய டைரக்டரியும் பெரிய ஃபைலும் மட்டும் தொங்குகிறது என்றால் எம்டியு (MTU, ஒரு பாக்கெட்டில் போகக்கூடிய அதிகபட்ச பைட்) மேல்தான் என் சந்தேகம் போகும். இரு முனையிலும் 9000 வைத்துவிட்டு நடுவில் ஒரு ஸ்விட்ச்சை 1500-இலேயே விட்டிருப்பார்கள். துண்டாக்கக் கூடாது என்ற தெரிவோடு 8972 பைட் பிங் அனுப்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சர்வர் திரும்பி வரும் என்றால் சும்மா இருங்கள், ஹார்டு மவுண்ட் (சாஃப்ட்டுக்கு மாறாக, பதில் வரும்வரை காத்திருப்பது) விட்ட இடத்திலிருந்து தானே தொடரும். வராது என்றால் யூமவுண்ட் மைனஸ் எஃப் (umount -f, மவுண்டை வலுவில் கழற்றுவது). பிஸி என்று சொன்னால் மாட்டியிருக்கும் ப்ராசஸ்களுக்கு கில் மைனஸ் 9, லினக்ஸ் 2.6.25-இலிருந்து இந்தக் காத்திருப்பை அந்த சிக்னலால் முறிக்க முடியும் (பழைய கட்டுரைகளில் வரும் ‘இன்டர்’ (intr) மவுண்ட் ஆப்ஷனை அதே பதிப்பிலிருந்து கர்னல் கண்டுகொள்வதே இல்லை). யூமவுண்ட் மைனஸ் எல் (umount -l) கடைசிதான், அது பாதையை மரத்திலிருந்து கழற்றிவிடுமே தவிர உள்ளே மாட்டியவர்களை விடுவிக்காது.

சரி, சாஃப்ட். குறித்த முறை முயன்று பார்த்துவிட்டு ப்ரோகிராமுக்கு ஐஓ எரர் கொடுத்துவிடும். எழுதும்போது அந்த எரர் பல சமயம் எஃப்சிங்கிலோ (fsync, எழுதியதைச் சேமிக்கச் சொல்லும் அழைப்பு) ஃபைலை மூடும் க்ளோஸிலோதான் வரும், அதைச் சரிபார்க்கும் ப்ரோகிராம்கள் குறைவு, ஃபைல் பாதியில் கெட்டு நிற்பது யாருக்கும் தெரியாது. படிக்க மட்டுமே உள்ள மவுண்ட் என்றால் போடுங்கள், ஹோம் டைரக்டரிக்கோ டேட்டாபேஸுக்கோ வேண்டவே வேண்டாம். போட்டாலும் டைமியோ (timeo, பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தைக் குறிக்கும் ஆப்ஷன்) 600 என்பது 60 நொடிதான், பத்தில் ஒரு நொடிக் கணக்கு அது.

எப்போதாவது மட்டும் தேவைப்படும் மவுண்டுகளை தேவைப்படும்போது மட்டும் மவுண்ட் செய்யும் ஆட்டோஎஃப்எஸ்ஸிடமோ (autofs) சிஸ்டம்டி ஆட்டோமவுண்டிடமோ கொடுத்துவிடுங்கள், பயன்பாட்டில் இல்லாதபோது கழன்றிருக்கும். மானிட்டரிங் ஸ்கிரிப்ட் மவுண்டைத் தொட்டுப் பார்க்கிறது என்றால் டைம்அவுட் கட்டளைக்குள் கில் சிக்னலோடு ஓட்டுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு முறை ஓடும்போதும் டி நிலையில் இன்னொன்று சேரும்.