கதையை வியூக கேமாக்குவது எப்படி? திருகோணமலைக் கேள்விகளும் பதில்களும்

பேர் வாங்கிய கதைகளை வைத்து வரும் வியூக கேம்கள் பற்றி நம் ஊர்ப் பிள்ளைகளும் சில பெரியவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

உப்புவெளியிலிருந்து: அண்ணா, பெரிய படத்தின் பெயரோடு வரும் வியூக கேம்கள் பல ஏன் சப்பென்று இருக்கின்றன?

வேறொரு கேமுக்குச் சட்டையை மட்டும் மாற்றிவிடுவதால்தான், தம்பி. 2001இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்: கலக்டிக் பேட்டில்கிரவுண்ட்ஸ்’ ஓடியது ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ என்ற பழங்காலப் போர் கேமின் எஞ்சினில், அதாவது அதை இயக்கும் அதே மென்பொருளில். அங்கே விறகு என்றால் இங்கே கார்பன், அங்கே தங்கம் என்றால் இங்கே நோவா படிகம். ஆட மோசமில்லை. ஆனால் விண்வெளிப் போர் என்று சொல்லிவிட்டு, வேலையாட்களைச் சாப்பாடு சேர்க்க அனுப்பித்தான் தொடங்குவீர்கள்.

அதே ஸ்டார் வார்ஸ் கதையை வைத்து 2006இல் வந்த ‘எம்பயர் அட் வார்’ அப்படியில்லை. பேரரசு காசைக் கொட்டி ஆராய்ச்சி செய்யும். கிளர்ச்சிக்காரருக்கு அந்த வழியே கிடையாது; ஆர்2-டி2, சி-3பிஓ என்ற இரண்டு ரோபோக்களை எதிரியின் கிரகத்துக்கு அனுப்பித் தொழில்நுட்பத்தைத் திருட வேண்டும். கதையில் யாருக்கு எது இல்லையோ, அதை விதியாக்கிவிட்டார்கள். நான் எந்த கேமிலும் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஓர்ஸ் ஹில்லிலிருந்து ஒரு மாணவி: ‘டியூன் 2’ என்ற பழைய கேமை ஏன் எல்லோரும் தூக்கிப் பிடிக்கிறார்கள்?

தங்கச்சி, தளம் கட்டு, வளம் அள்ளு, படை திரட்டு என்ற ஒழுங்கைப் பரப்பிவிட்டதே 1992இல் வெஸ்ட்வுட் செய்த அந்த கேம்தான். அதற்கு மூலமான ‘டியூன்’ நாவலில் எல்லாரும் அடிபடுவது ‘ஸ்பைஸ்’ என்ற பொருளுக்காக. அது கிடப்பது மணலில். மணலுக்கடியில் ராட்சதப் புழு. கேமிலும் அறுவடை வண்டியை வெளியே விட்டால்தான் காசு, விட்டால் புழு விழுங்கவும் கூடும். கட்டடத்தைப் பாறையில்தான் எழுப்பலாம். கீழே கொங்கிரீட் பலகை போடாமல் எழுப்பினால் அது மெல்ல மெல்லச் சேதமாகும். அந்தக் கிரகம் மனிதரை வாழவிடாது என்று நாவல் பக்கம் பக்கமாகச் சொல்வது இங்கே ஒரு கொங்கிரீட் பலகையில் விளங்கிவிடுகிறது. இத்தனைக்கும் மூன்று குலங்களில் ஒன்றான ஓர்டோஸ் மூல நாவல்களில் இல்லவே இல்லை. அதனால் கேம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

நிலாவெளியிலிருந்து: கதாநாயகன் செத்தால் கதை முடிந்ததே, கேமில் என்ன செய்வது?

சரியான சிக்கல் இது. ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்களை வைத்து 2004இல் வந்த ‘பேட்டில் ஃபோர் மிடில்-எர்த்’தில் காசு கட்டி நாயகனை மீட்டெடுக்கலாம். ரசிகர்கள் முகம் சுளித்தாலும் எனக்கு அது சரியென்றே படும். இல்லையென்றால் மந்திரவாதி நாயகன் கண்டால்பைக் கோட்டைக்குள்ளேயே பூட்டி வைத்திருப்போம். அதே கேமில் வில்லன் நாடான மொர்டோரின் சாதாரண ஓர்க் (அரக்கர்) படைக்கு விலையே கிடையாது, இலவசம். அவர்களின் தலைவனுக்கு அவர்கள் உயிர் எவ்வளவு பெறுமதி என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா? உரிமக் காலம் முடிந்ததால் இந்த கேம் இன்று கடையில் இல்லை. பேர்போன கதையை வாடகைக்கு எடுத்தால் இதுவும் சேர்ந்தே வரும்.

பாலையூற்றிலிருந்து: கன்ட்ரோலரில் வியூக கேம் ஆட முடியுமா?

‘ஹேலோ வார்ஸ்’ (2009) ஆடிப் பாருங்கள். கட்டடங்களுக்குக் குறித்த இடங்கள் மட்டுமே, அதனால் விரல் திணறாது.

தம்பலகாமத்திலிருந்து: கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாத பழைய லாப்டாப் அண்ணா...

வெஸ்ட்வுட்டின் பழைய வியூக கேம்களை இன்றைய கணினியில் ஆட வைக்கும் ‘ஓபன்ஆர்ஏ’. இலவசம். ‘டியூன் 2’இன் மறுவடிவமான ‘டியூன் 2000’ம் அதற்குள் இருக்கிறது.

ஓர் ஆசிரியை: ‘பொன்னியின் செல்வன்’ வியூக கேமாக வந்தால் எப்படி இருக்கும்? அதற்கு உரிமை வாங்க வேண்டுமா?

ரீச்சர், யானைப்படையும் குதிரைப்படையும் மோதுகிற கேமாக மட்டும் வந்துவிடக் கூடாது. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’இல் 2022இல் ராஜேந்திர சோழன் கதையே வந்துவிட்டது, போர் வேண்டுமென்றால் அது போதும். கல்கியின் கதையில் பெரிய போரை விட அரியணை யாருக்கு என்ற கேள்விதான் ஓடுகிறது. வந்தியத்தேவன் கையில் இருப்பது படையல்ல, ஓலை. ஆகவே செய்தி போய்ச் சேர நாள் எடுக்க வேண்டும். வழியில் ஓலை பறிபோகலாம். பழுவேட்டரையர் யார் பக்கம் என்பது தெரியாமலே நீங்கள் முடிவெடுக்க வேண்டும். இதற்குப் பொருத்தம் ‘குருசேடர் கிங்ஸ்’ வகை: ஆட்கள், உறவுகள், சதிகள். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ உலகத்தை அந்த கேமின் இரண்டாம் பாகத்தில் ரசிகர்களே மாற்றியமைத்து ஆடினார்கள்.

உரிமை பற்றியும் கேட்டிருந்தீர்கள். கல்கியின் எழுத்துகளைத் தமிழ்நாட்டு அரசு 1999இல் நாட்டுடைமையாக்கிவிட்டது. ஆனால் படத்தில் வந்த முகங்கள், உடைகள், இசை எல்லாம் வேறு ஆட்களின் சொத்து, அதைத் தொடாதீர்கள்.

கின்னியாவிலிருந்து: நானா, நானும் கூட்டாளியும் நம்ம துறைமுகத்தை வைத்து ஒரு கடற்போர்க் கதை எழுதியிருக்கிறோம். அதைக் கேமாக்க எங்கே தொடங்குவது?

முதலில் கொம்பியூட்டரை மூடுங்கள். ஒரு பெரிய தாளில் துறைமுகத்தை வரையுங்கள்: கோணேசர் மலையில் ஃபிரெட்ரிக் கோட்டை, உள்துறைமுக வாயிலில் ஒஸ்டன்பேர்க் கோட்டை. பிறகு உங்கள் கதையில் எது ஆளை நெருக்குகிறது என்று பாருங்கள். வரலாற்றில் அது வாடைக்காற்று. அது வீசும் அந்தக் காலத்தில் மெட்ராஸ் கரையில் கப்பற்படைக்கு ஒதுங்க இடமில்லை, இங்கே இருந்தது. 1782 ஆகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் இந்தக் கோட்டைகளைப் பிடித்தார். ஆங்கிலேயத் தளபதி ஹியூஸ் செப்டம்பர் தொடக்கத்தில் வந்து பார்த்தால் பிரெஞ்சுக் கொடி பறக்கிறது. கடலில் மோதினார்கள், துறைமுகம் கைமாறவில்லை. கடைசியில் வாடைக்கு ஒதுங்க ஹியூஸ் பம்பாய் வரை போக வேண்டியதாயிற்று.

ஆக, உங்கள் கேமில் கப்பல் எண்ணிக்கையைவிட நாட்காட்டி முக்கியம். வாடை தொடங்கும் சுற்றில் துறைமுகத்துக்கு வெளியே நிற்கும் கப்பல் ஒவ்வொன்றுக்கும் தாயம் உருட்டுங்கள்; எண் குறைந்தால் பாய்மரம் போச்சு. இந்த ஒரு விதியை மட்டும் வைத்துப் புளியங்கொட்டைகளைக் கப்பலாக்கி ஆடிப் பாருங்கள். உங்கள் கூட்டாளி மூன்றாவது சுற்றிலேயே துறைமுகத்துக்கு ஓடப் பார்த்தால், அந்த விதியை வைத்துக்கொண்டு மேலே கட்டலாம்.