மார்வெல் டோகோன் – கேப்காம் இல்லாத காத்திருப்பு (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணா,

மார்வெல் டோகோன்ங்கற புது சண்டை கேமோட ட்ரெய்லர் எல்லாத்தையும் பாத்துட்டேன். எங்க செட்டுல எல்லாரும் ரிலீஸுக்காக வெறித்தனமா வெயிட்டிங், எனக்கு மட்டும் மனசு ஒட்ட மாட்டேங்குது. எங்க அண்ணன் கூட மார்வெல் வர்சஸ் கேப்காம் ஆடி வளந்தவன் நான். கேப்காம் கம்பெனியோட ஸ்ட்ரீட் ஃபைட்டர் ரியூவும் மார்வெல் வொல்வரினும் ஒரே ஸ்க்ரீன்ல நின்னாதான் எனக்கு அது கிராஸ்ஓவர், ரெண்டு உலகம் ஒண்ணா சேர்ற கேம். இதுல கேப்காம் ஆளு ஒருத்தர் கூட இல்ல, முழுக்க மார்வெல்தான். இதுக்குப் போய் காத்திருக்கணுமா? மார்வெல் வர்சஸ் கேப்காம் மாதிரி இன்னொண்ணு வர ஏன் இவ்ளோ இழுக்குது? கேரக்டர் லிஸ்ட்டப் பாத்து ஒரு கேம எடை போடுறது தப்பான்னும் சொல்லுங்க.

க., திருப்பூர்

அன்புள்ள க.,

காத்திருக்கலாம், தாராளமா காத்திருக்கலாம். நானும் காத்துட்டுதான் இருக்கேன். ஆனா நீங்க எதுக்காக ஏங்குறீங்களோ அது லிஸ்ட்டுல இருக்குற விஷயம் இல்லன்னு எனக்குத் தோணுது, அதைச் சொல்லணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

நீங்க சொல்ற அந்த ரியூ–வொல்வரின் கூட்டணி திடீர்னு வந்தது இல்ல. 1994-ல எக்ஸ்-மென்: சில்ட்ரன் ஆஃப் தி ஆட்டம்னு கேப்காம் ஒரு ஆர்கேட் கேம் (கடையில காசு போட்டு ஆடுற மெஷின் கேம்) விட்டாங்க, முழுக்க மார்வெல் ஆளுங்க, அதுக்குள்ள ஒளிச்சு வச்ச கேரக்டரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் அகுமா மட்டும் இருந்தான். மொத விருந்தாளி அவன்தான். அது நல்லா எடுபட்டுச்சு, 1996-ல எக்ஸ்-மென் வர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர் வந்துச்சு, ஆளுக்கு ரெண்டு கேரக்டர், சண்டை நடுவுலயே மாத்திக்கலாம். இப்ப நாம டேக்னு சாதாரணமா சொல்றோமே, அது அன்னிக்கு ஆர்கேட்ல பாத்தவங்களுக்கு பெரிய அதிசயம். அதை வீட்டுக்குக் கொண்டு வர்றப்பதான் சிக்கல். பிளேஸ்டேஷன் ஒண்ணுல இருந்த மெயின் மெமரி 2 எம்பி, நாலு கேரக்டரோட அத்தனை படத்தையும் அதுல ஏத்தி வச்சுக்க இடமே பத்தல, அதனால அந்த வெர்ஷன்ல நெனச்சப்ப ஆள் மாத்துற வசதியவே தூக்கிட்டாங்க, கூட்டாளி சும்மா ஒரு அடிக்கு வந்துட்டுப் போவாரு, அவ்வளவுதான். அதே சமயம் ஜப்பான்ல மட்டும் சேகா சாட்டர்னுக்கு 4 எம்பி ரேம் கார்ட்ரிட்ஜ் ஒண்ணு கூட வித்தாங்க, அதைச் சொருகினா ஆர்கேட்ல ஆடுன மாதிரியே மாத்தி மாத்தி ஆடலாம்.

இதை ஏன் இவ்ளோ விலாவாரியா சொல்றேன்னா, பிளேஸ்டேஷன் வெர்ஷன்ல கேரக்டர் லிஸ்ட் ஒண்ணும் குறையல. ரியூ இருந்தான், வொல்வரின் இருந்தான், ஒரே ஸ்க்ரீன்லதான் நின்னாங்க. ஆனா ஆடுனவங்களுக்கு உயிரே போன மாதிரி இருந்துச்சு. ஏன்னா ரெண்டு பேரும் சேந்து ஒண்ணா ஒரு வேலை பண்ண முடியல.

என்னைப் பொறுத்தவரை கிராஸ்ஓவர்னா அதுதான். ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல நிக்கிறது இல்ல, ரெண்டு பேரு சேந்தா தனித்தனியா எவனாலயும் பண்ண முடியாத ஒண்ணு பொறக்கணும்.

இதுக்கு நான் கண்ட நல்ல உதாரணம்னா 2000-ல வந்த மார்வெல் வர்சஸ் கேப்காம் 2. மொத்தம் 56 கேரக்டர், ஆளுக்கு மூணு பேர். லிஸ்ட்டுன்னா அதுதான் லிஸ்ட்டு. ஆனா டோர்னமெண்ட் ஆடுனவங்க யாரை எடுத்தாங்க? மேக்னீட்டோ, ஸ்டார்ம், சென்டினல், கேபிள், பெரும்பாலும் இந்த நாலு பேருக்குள்ளயேதான் சுத்துச்சு, நாலு பேருமே மார்வெல் பக்கம் வேற. 56 பேர் இருந்தும் ஜெயிக்க எடுத்தது விரல் விட்டு எண்ணக்கூடிய ஆளுங்களதான். அந்த நாலு பேர எதிர்த்து நின்ன டீம்ல ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிக்கும், கேப்காம்ல இருந்து ஸ்ட்ரைடர் ஹிர்யூ, மார்வெல்ல இருந்து டாக்டர் டூம். ஸ்ட்ரைடருக்கு ஊரோபோரோஸ்னு ஒரு சூப்பர் (மீட்டர்ங்கற சக்திக்கோட்டைச் செலவழிச்சுப் போடுற ஸ்பெஷல் அடி) இருக்கு, போட்டா அவனைச் சுத்தி ரெண்டு உருண்டை சுழல ஆரம்பிக்கும், அவன் ஒவ்வொரு தடவை அடிக்கிறப்பவும் அதுல இருந்து குண்டு பாயும். தனியா அது பயமுறுத்தும், ஆனா தப்பிக்க வழி இருக்கும், நேரம் முடிஞ்சா உருண்டை மறைஞ்சிடும். டூமோட அசிஸ்ட்ல, அதாவது கூட்டாளியா கூப்புட்டா ஒரு அடிக்கு வந்துட்டுப் போறதுல, அவன் வந்து தன்னைச் சுத்தி கல்லு கல்லா எழுப்புவான், அதுவும் தனியா பாத்தா பெரிய விஷயம் இல்ல. ஆனா ரெண்டையும் சேருங்க. உருண்டை குண்டு போடுது, எதிராளி பிளாக் பண்றான், அது ஓயுறதுக்குள்ள டூம் கல்லோட வர்றான், அதையும் பிளாக் பண்ணணும், பிளாக் பண்ணப் பண்ண கொஞ்சம் கொஞ்சமா உயிர் கரையுது, இந்தப் பக்கம் ஸ்ட்ரைடருக்கு மீட்டர் ஏறிட்டே இருக்கு, மீட்டர் ரொம்பினதும் மறுபடி ஊரோபோரோஸ். எதிராளி கையைக் கால அசைக்கவே முடியாது. இதை ஒழுங்கா பண்றவன் கை வேகத்தைப் பக்கத்துல உக்காந்து பாக்கணும், அப்பதான் புரியும்.

ஸ்ட்ரைடர் கேப்காமோட பழைய ஆக்ஷன் கேம் ஆளு, டூம் அமெரிக்க காமிக்ஸ் வில்லன். ரெண்டு பேருக்கும் எந்தக் கதையிலயும் பேச்சுவார்த்தையே கெடையாது. ஆனா இன்னிக்கும் அந்த கேம் ஆடுறவங்க ஸ்ட்ரைடர்-டூம்னு ஒரே மூச்சுல ஒரே பேரா சொல்லுவாங்க. யாரும் ட்ரெய்லர்ல அறிவிச்சு வந்த ஜோடி இல்ல அது, ஆடுனவங்களே கண்டுபிடிச்சு உருவாக்குனது.

இப்ப இன்னொரு பக்கமும் சொல்லிடுறேன், இல்லன்னா கேரக்டர் யாரா இருந்தா என்னன்னு நான் சொல்றதா நெனச்சுப்பீங்க. 2017-ல மார்வெல் வர்சஸ் கேப்காம்: இன்ஃபினிட் வந்துச்சு. எக்ஸ்-மென் ஒருத்தர் கூட இல்ல, வொல்வரின் இல்ல, மேக்னீட்டோ இல்ல, ஸ்டார்ம் இல்ல. ஏன்னு கேட்டப்ப, கேரக்டர்னு பாத்தா அவங்க வெறும் ஃபங்ஷன்தானேங்கற ரீதியில கேப்காம் பக்கம் இருந்து ஒரு பதில் வந்துச்சு, அதாவது மேக்னீட்டோ பண்ற வேலைய வேற யாராவது பண்ணிட்டுப் போறாங்கன்னு. ரசிகர்கள் கொதிச்சுப் போயிட்டாங்க, கொதிச்சது நியாயம்தான். அந்த கேமோட சிஸ்டம் உண்மையிலேயே நல்லா இருந்துச்சு, காம்போ, அதாவது தொடர் அடி, நடுவுல கூட ஆள் மாத்தலாம், இன்ஃபினிட்டி ஸ்டோன் ஒவ்வொண்ணும் ஆட்டத்தையே ஒரு திசைக்குத் திருப்பும், இறங்கி ஆடுனவங்க இன்னிக்கும் அதுக்காக வாதாடுவாங்க. ஆனா மொகத்தைப் பாத்தா மனசு வரல. ஸ்ட்ரீட் ஃபைட்டர் சுன்-லீ மொகத்தை ஜனங்க திட்டித் தீத்த அப்புறம் சரி பண்ணாங்க. மேக்னீட்டோ காத்துல மெதந்து வந்து அடிக்கிறப்ப அதுல ஒரு திமிரு இருக்கும், அந்தத் திமிருதான் அந்த மூவ். அந்தத் திமிர உருவிட்டு மூவ மட்டும் வேற ஆளு கையில குடுத்தா அது அடியாகவே இருக்காது.

அதனால லிஸ்ட்டப் பாத்து எடை போடுறது தப்பான்னு கேட்டீங்கல்ல, தப்பு இல்ல, ஆனா பாதி வேலைதான் அது. நமக்குப் பிடிச்ச ஆளு இருக்கானான்னு பாக்குறது நம்ம உரிமை. அவன் எப்படி நிக்கிறான், பக்கத்துல நிக்கிறவனுக்கு என்ன பண்றான்ங்கறதுதான் மீதிப் பாதி. டெக்கன் 7-ல அகுமாவ கொண்டு வந்தாங்களே, அதைப் பாருங்க. டெக்கன் 3டி கேம், பக்கவாட்டுல நகரலாம், ஃபயர்பால் எல்லாம் அங்க கெடையாது. அகுமா அங்க தன்னோட சூப்பர் மீட்டர், தன்னோட ஹடோகென் ஃபயர்பால், தன்னோட ஜம்ப் எல்லாத்தோடயும் வந்து எறங்குனான், அவன் ஃபயர்பால் போட்டா எதிராளி சைடு ஸ்டெப் எடுத்து விலகிப் போவான், ரெண்டு கேமோட இலக்கணமும் அந்த ஒரு நொடியில மோதும். டெக்கனோட மிஷிமா குடும்பக் கதைக்குள்ளயே அவனுக்கு ஒரு இடமும் குடுத்தாங்க. ஒரே ஒரு ஆளுதான், ஆனா முழு கிராஸ்ஓவர்.

அதே கம்பெனிங்க, கேப்காமும் டெக்கனோட நாம்கோவும், பெருசா ஆசைப்பட்டது என்ன ஆச்சுன்னும் பாருங்க. 2010-ல சான் டியாகோ காமிக்-கான்ல ரெண்டு கேம் அறிவிச்சாங்க, கேப்காம் செய்யுற ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன், நாம்கோ செய்யுற டெக்கன் எக்ஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர். மொதல்ல சொன்னது 2012-ல வந்துச்சு, வந்ததும் டிஸ்க்குக்குள்ளயே 12 கேரக்டர பூட்டி வச்சுட்டு அப்புறமா காசுக்கு விக்கப் போறாங்கன்னு தெரிஞ்சு பெரிய கலாட்டா ஆச்சு, அதோட பேரு கெட்டுது. ரெண்டாவது வரவே இல்ல. முப்பது சதவீதம் போல வேலை முடிஞ்சிருந்துச்சுன்னு டெக்கன் தயாரிப்பாளர் ஹராடாவே பின்னாடி சொன்னாரு. அந்த அறிவிப்பக் கேட்டு குதிச்சவங்கள்ல நானும் ஒருத்தன்.

உங்க இன்னொரு கேள்வி, ஏன் இழுக்குதுன்னு. ரெண்டு வீட்டுக்காரங்க கையெழுத்துப் போடணும், அதுதான் காரணம். மார்வெல் லைசென்ஸ் காலாவதி ஆனதும் 2013 டிசம்பர்ல மார்வெல் வர்சஸ் கேப்காம் 2-ம், அல்டிமேட் மார்வெல் வர்சஸ் கேப்காம் 3-ம் டிஜிட்டல் ஸ்டோர்ல இருந்து காணாமப் போச்சு. மூணாவது பாகம் திரும்பி வர 2016 கடைசி ஆச்சு. ரெண்டாவது பாகம் வர 2024 செப்டம்பர் வரைக்கும் ஆச்சு, அதுவும் ரசிகர்கள் விடாம கேட்டுக் கேட்டு, மேக்ஸிமிலியன் ட்யூட் மாதிரி யூட்யூபர்கள் தனியா இயக்கமே நடத்துன அப்புறம். புதுசா ஒண்ணு செய்யுறத விடுங்க, இருக்குறத கடையில வச்சிருக்கறதே இவ்ளோ பாடு.

சரி, டோகோனுக்கு வர்றேன். 2025 ஜூன்ல சோனி அறிவிச்சாங்க, 2026-ல பிஎஸ்5-க்கும் பிசிக்கும் வருது. செய்யுறது ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ். எனக்கு நம்பிக்கை வர்றதே இந்தப் பேரால. கில்ட்டி கியர், டிராகன் பால் ஃபைட்டர்ஸ் செஞ்சவங்க. அவங்க வேலை செய்யுற முறை தனி. மாடல் 3டிதான், ஆனா ஒரு போஸுல இருந்து அடுத்த போஸுக்கு கம்ப்யூட்டர் தானா நெரப்புற அசைவ வேண்டாம்னு வச்சிட்டு, ஒவ்வொரு போஸையும் கையால வச்சு, கொஞ்ச ஃப்ரேம் அப்படியே புடிச்சு நிறுத்தி, டக்குனு அடுத்ததுக்குத் தாவுவாங்க, அதான் பாக்க கையால வரைஞ்ச அனிமே மாதிரி இருக்கும். கேமரா பக்கம் ஒரு குத்து வந்தா அந்த முஷ்டிய மட்டும் பெருசா இழுத்து விடுவாங்க. மொகத்துல நிழல் எங்க விழணும்ங்கறதக் கூட ஆளு உக்காந்து சரி பண்றாங்க. டிராகன் பால்ல கதையில மோதுன ரெண்டு பேர அதே எடத்துல மோதவிட்டு சரியான அடியில முடிச்சா, கடைசி ஷாட் மாங்கால வந்த சீனாவே விரியும். கேரக்டர வெறும் ஃபங்ஷன்னு நெனைக்கிறவங்க செய்யுற வேலையா இது?

டோகோன் நாலுக்கு நாலு. நாலு பேருக்கும் சேத்து ஒரே உயிர்க்கோடு, ஆரம்பத்துல ஒரு மெயின் ஆளும் ஒரு அசிஸ்டும்தான் இருப்பாங்க, சண்டை போகப் போக மத்தவங்க வந்து சேருவாங்க. இதுலதான் என் கண்ணு. பழைய கேம்ல மூணு பேரையும் தனித்தனியா கத்துக்கணும், ஒருத்தர் செத்தா டீமே ஆட்டம் கண்டுடும், புதுசா வர்றவன் பயந்து ஓடிடுவான். இங்க ஒரே ஒரு ஆள நல்லா கத்துக்கிட்டு மீதி மூணு பேர அசிஸ்டா வச்சே ஆடிடலாம். அதாவது, யார யாரு பக்கத்துல நிறுத்துறதுங்கற கணக்குதான் ஆட்டத்தோட மையமாகவே இருக்கு. அந்த டூமும் வந்திருக்கான், ஸ்டார்மும் வந்திருக்கா. ரோபி ரேயஸ் கோஸ்ட் ரைடர் கார எடுத்துட்டு வர்றான், மிஸ் மார்வெல் கைய நீட்டி அடிக்கிறா. இதுங்கள்ல எந்த ரெண்டு சேந்து அடுத்த ஸ்ட்ரைடர்-டூம் ஆகப் போகுதுன்னு நெனச்சாலே எனக்கு இருப்புக் கொள்ளல.

கேப்காம் ஆளுங்க இல்லாதது குறைதான் தம்பி, நான் இல்லன்னு சொல்லல. வொல்வரின ரியூ பக்கத்துல பாத்து வளந்த கண்ணுக்கு அந்த எடம் காலியாத்தான் தெரியும். ஆனா ஒரு காலத்துல மார்வெல் ஆளுங்கள ஜப்பான்காரங்க தங்களோட சண்டை மொழியில வரைஞ்சதாலதான் நமக்கு அந்த ரெண்டு பேரும் ஒட்டுனாங்க. அந்த வேலைய இன்னொரு ஜப்பான் ஸ்டுடியோ, வேற கையெழுத்துல மறுபடி தொடங்குது.

பிசி ஓரளவு நல்லா இருந்தா இதுக்காக பிஎஸ்5 வாங்கணும்னு அவசியம் இல்ல, ரிக்வயர்மெண்ட் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் சும்மா இருக்காதீங்க. மார்வெல் வர்சஸ் கேப்காம் ஃபைட்டிங் கலெக்ஷன் ஆஃபர் வர்றப்ப வாங்கிப் போடுங்க, ஏழு கேம் இருக்கு, ஆன்லைன்ல தடங்கல் கம்மியா ஆட ரோல்பேக் நெட்கோட் இருக்கு, ட்ரெய்னிங் மோடும் இருக்கு. உங்க அண்ணனையும் கூப்புடுங்க. ட்ரெய்னிங் மோடுல ஸ்ட்ரைடரையும் டூமையும் எடுத்து, டூம எப்ப கூப்புட்டா எதிராளி மூச்சு விடக்கூட கேப் கெடைக்காதுன்னு கொஞ்ச நேரம் போட்டுப் பாத்துட்டு எனக்கு எழுதுங்க.