தாலி இங்கே, ரெஜிஸ்டர் அங்கேயா?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 29. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியராக இருக்கிறேன். லண்டனில் இருக்கும் ஒருவரை மூன்று வருடமாகக் காதலிக்கிறேன். பிரிட்டிஷ் குடியுரிமை உள்ள தமிழர், ரொம்ப நல்லவர். தை மாதம் அவர் பத்து நாள் லீவில் வருகிறார். இங்கே ஒரு சின்னக் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, ரெஜிஸ்டரை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். நானும் டூரிஸ்டாகக் கூடவே கிளம்பிவிடுவேன். அடுத்த மாதம் வேலையை விடுகிறேன். அப்பா இல்லை, அம்மா மட்டும்தான், அவர் என்னிடம் முகம் கொடுத்தே பேசுவதில்லை. அம்மாவை எப்படிச் சமாதானப்படுத்துவது? புது ஊரில் தனிமையை எப்படிச் சமாளிப்பது?
- பினாங்கு வாசகி

பதில்: தங்கச்சி, தனிமையைப் பற்றி அப்புறம் பேசலாம். லண்டனில் தமிழ் ஆட்களுக்கு என்ன பஞ்சம், ஈஸ்ட் ஹாமில் போய் நின்றால் முருங்கைக்காய் முதல் மல்லிகைப்பூ வரை கிடைக்கும். உன் கடிதத்தில் என்னை உறுத்துவது வேறு. 'ரெஜிஸ்டரை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, அந்த யோசனை முதலில் யாருடையது? உன்னுடையதா, அவருடையதா?

படித்த பெண்தானே நீ. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான கல்யாணச் சட்டம், 1976-இல் இயற்றியது, 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அந்தத் தேதிக்கு அப்புறம் நடக்கிற கல்யாணம் அந்தச் சட்டப்படி பதிவானால்தான் கல்யாணம். ஊரைக் கூட்டி, மேளம் கொட்டி, ஐயர் மந்திரம் சொல்லித் தாலி ஏறினாலும் ஜேபிஎன் என்கிற தேசியப் பதிவுத் துறையின் கணக்கில் நீ கல்யாணம் ஆகாதவள். இங்கே பல கோயில்களில் பதிவுச் சான்றிதழைக் காட்டினால்தான் முகூர்த்தத்துக்கு நாளே தருவார்கள். அதனால்தான் 'சின்னக் கோயில்' தேடினீர்களோ என்னவோ, எனக்கு அந்தச் சந்தேகமும் வருகிறது.

சரி, அங்கே போய்ப் பதியலாமே என்கிறாய். எப்படி? மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம், ஆன்லைனில் இடிஏ என்கிற பயண அனுமதி எடுத்தால் 6 மாதம் வரை இருக்கலாம், அதைத்தானே நம்பியிருக்கிறீர்கள்? சாதாரண சுற்றுப்பயணியாகப் போகிறவர் பிரிட்டனில் கல்யாணம் பதிய முடியாது, அதற்குத் தனி விசா வேண்டும். வேலை செய்யவும் முடியாது. உள்ளே போன பிறகு அங்கிருந்தபடியே மனைவி விசாவுக்கு மாறவும் முடியாது, திரும்பி வந்து இங்கிருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். ஹீத்ரோவில் குடிநுழைவு அதிகாரி எதற்கு வந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வாய்? புருஷனோடு வாழ வந்தேன் என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்பலாம், சுற்றிப் பார்க்க வந்தேன் என்றால் அது பொய், பின்னால் போடுகிற எல்லா விண்ணப்பத்துக்கும் அது வினையாகும். எல்லாம் தப்பித்து உள்ளே போனாலும் ஆறு மாதம் கழித்து, வேலை இல்லாமல், பதிவு இல்லாமல், கழுத்தில் தாலி மட்டும் தொங்க, உன் தொழிற்சாலை இருக்கிற அதே பாயான் லெப்பாஸில் வந்து இறங்குவாய்.

அங்கேயே குடியுரிமை வாங்கிய மனிதருக்கு இதெல்லாம் தெரியாதா?

வெளிநாட்டுக்காரர் ஒருவர் இங்கே ஜேபிஎன்னில் பதிய வேண்டுமானால், தனக்கு வேறு கல்யாணம் இல்லை என்பதற்கான சான்றிதழை அவர் கொண்டுவர வேண்டும். விவாகரத்து ஆனவராக இருந்தால் அந்தத் தாளும் வேண்டும். விண்ணப்பம் கொடுத்த பிறகு 21 நாள் இருவர் பெயரும் அறிவிப்பில் இருக்கும், ஆட்சேபம் உள்ளவர்கள் வந்து சொல்லலாம். அவர் போட்டிருப்பது பத்து நாள் லீவு. மூன்று வருடக் காதலுக்கு மூன்று வாரம் ஒதுக்க முடியவில்லையா, அல்லது அந்தச் சான்றிதழை எடுக்க முடியவில்லையா? அவர் மேல் நான் பழி போடவில்லை. பேப்பர் வேலை என்றாலே ஓடுகிற சோம்பேறியாகவும் இருக்கலாம், ஆண்களில் அந்த ரகம் நிறைய உண்டு. ஆனால் இந்த மாதிரி கடிதம் எனக்கு வருவது இது முதல் தடவை இல்லை, சோம்பேறித்தனம் என்று முடிந்தவை குறைவு.

அங்கேதான் பதிய வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றால் அதற்கும் நேர்வழி உண்டு. வருங்கால மனைவி விசா என்று ஒன்று இருக்கிறது. 6 மாதம், அதற்குள் பதிந்துவிட வேண்டும், அதுவரை வேலை கிடையாது. பதிந்த பின் அங்கிருந்தபடியே மனைவி விசாவுக்கு மாறலாம். எந்த வழியில் போனாலும் உன்னைக் கூப்பிடுகிறவர் வருடத்துக்கு 29,000 பவுண்டு வருமானம் காட்ட வேண்டும், 2024 ஏப்ரலிலிருந்து அதுதான் கணக்கு. பொதுவாக ஆறு மாதச் சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், தங்குகிற வீட்டுக்கான ஆதாரம், எல்லாம் கேட்பார்கள். மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்பது அநாகரிகம் என்று உன் வயசுப் பிள்ளைகள் சொல்கிறீர்கள். அந்த நாட்டு அரசாங்கமே கேட்கிறது, உன்னைப் பெற்றவள் கேட்கக் கூடாதா?

அம்மாவை எப்படிச் சமாதானப்படுத்துவது என்றா கேட்டாய்? சமாதானப்படுத்தவே வேண்டாம், அவர் கோபம் நியாயமானது. உன் கடிதம் முழுக்க மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி ஒரு சொல் இல்லை. யாராவது உன் அம்மாவுக்குப் போன் போட்டு 'சம்பந்தி' என்று பேசினார்களா? பெண் கேட்டு வராத வீட்டுக்குப் பெண்ணை அனுப்புவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது, என்னைப் பழைய பஞ்சாங்கம் என்று சொல்லிக்கொள், பரவாயில்லை. அப்புறம், நீ கிளம்பிய பிறகு அந்த அம்மாவை யார் கிளினிக்குக்குக் கூட்டிப் போவது, வீட்டு லோன் இருந்தால் யார் கட்டுவது, அதைப் பற்றி எழுதக்கூட உனக்குத் தோன்றவில்லை. காதலிப்பது தப்பில்லை, கடல் தாண்டிப் போவதும் தப்பில்லை. பெற்றவளைக் கடக்க வேண்டிய தடையாகப் பார்க்கிறாயே, அதுதான் தப்பு.

இன்று ராத்திரியே அவருக்குப் போன் போடு. அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஸ்பீக்கரில் போட்டுக் கேள்: 'கல்யாணம் ஆகவில்லை என்ற சான்றிதழோடு வந்து, மூன்று வாரத்துக்கு மேல் தங்கி, ஜேபிஎன்னில் பதிந்துவிட்டுத் தாலி கட்ட முடியுமா? விசா கையில் வந்த பிறகு நான் கிளம்புகிறேன்.' சரி என்றால் தேதி கேள். 'என் மேல் நம்பிக்கை இல்லையா?' என்று ஆரம்பித்தால் எனக்கு மறுபடியும் எழுது.

வேலையை இப்போது விடாதே. ராஜினாமாக் கடிதம் ஏற்கெனவே கொடுத்திருந்தால் திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக மேனேஜரிடம் பேசித் திரும்ப வாங்கு.